பிழையை எழுதுவது மருந்தா, பாக்டீரியாவா?

மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ உயிரியல் நோட்டுகளில் ஒரு வரி வருடா வருடம் அப்படியே வரும்: மியூட்டஜன் என்பது டி.என்.ஏ-வைத் தாக்கி அதில் மாற்றத்தை உண்டாக்கும் பொருள். மனப்பாடம் செய்ய வசதியான வரி, மார்க்கும் கிடைக்கும், சுங்கை சிப்புட்டில் கடைவீட்டு மாடியில் நான் நடத்தும் டியூஷனில் நானே அதைப் பலகையில் எழுதிப் போடுகிறேன். எழுதி முடித்ததும் ஓர் எரிச்சல் வரும். அந்த வரியைப் படித்தால் ரசாயனம் வந்து அடிக்கிறது, பாக்டீரியா சும்மா படுத்துக்கொண்டு அடி வாங்குகிறது என்றுதான் தோன்றும். உண்மையில் பல ரசாயனங்கள் செய்வது சேதத்தோடு நின்றுவிடுகிறது. அந்தச் சேதத்தை நிரந்தரப் பிழையாக மாற்றி அடுத்த தலைமுறைக்கு அனுப்புவது பாக்டீரியாவின் சொந்த என்சைம்கள். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள், அதனால்தான் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் சேதம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ரசாயனம் மரபைக் கெடுக்கும் என்பதைச் சந்தேகமில்லாமல் காட்டியவர் சார்லட் அவர்பாக். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போது எடின்பரோவில் ஜே.எம். ராப்சனோடு சேர்ந்து பழ ஈக்களுக்கு மஸ்டர்ட் வாயுவைக் கொடுத்துப் பார்த்தார். போர் ரகசியம் என்பதால் முடிவுகளைச் சண்டை முடிந்த பிறகுதான் முறையாக வெளியிட முடிந்தது. மஸ்டர்ட் வாயு ஆல்கைல் கூட்டங்கள் என்ற கார்பன் துணுக்குகளை டி.என்.ஏ-வில் ஒட்டும் ரகம். எம்.என்.என்.ஜி, எம்.எம்.எஸ் என்று ஆய்வுக்கூடத்தில் புழங்கும் பொருள்களும் அதே குடும்பம்தான், சின்ன மெத்தில் கூட்டத்தைக் கொண்டுபோய் டி.என்.ஏ-வின் எழுத்துகளான குவானினிலோ (ஜி) அடினினிலோ (ஏ) மாட்டிவிடும். கடலைப் பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின், புகையில் இருக்கும் பென்சோபைரீன் போன்றவை வேறு ரகம், ஒரு பெரிய வளையக் கூட்டத்தையே எழுத்தின்மேல் ஏற்றிவிடுகின்றன. மைட்டோமைசின் சி இரண்டு இழைகளையும் ஒன்றோடொன்று பூட்டிவிடும், அப்புறம் அவற்றைப் பிரிக்கவே முடியாது.

இந்த மூன்றுக்கும் பாக்டீரியாவின் பதில் ஒன்றல்ல. நோட்டில் 'டி.என்.ஏ பழுதுபார்ப்பு' என்று ஒரே தலைப்பில் அடைத்துவிடுகிறார்கள், படிக்கிற பிள்ளைக்கு எது எப்போது வேலை செய்கிறது என்றே விளங்காமல் போகிறது.

மெத்தில் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. 1977-இல் லண்டனில் லியோனா சாம்சனும் ஜான் கெய்ன்ஸும் ஈ.கோலை பாக்டீரியாவை மிகக் குறைந்த அளவு எம்.என்.என்.ஜி-யில் கொஞ்ச நேரம் வளர்த்தார்கள், பிறகு அதே பொருளைப் பெரிய அளவில் கொடுத்தார்கள். முன்பே பழகியிருந்த பாக்டீரியாக்கள் அவ்வளவாகச் சாகவில்லை. அதைவிட முக்கியம், அவற்றில் மியூட்டேஷனும், அதாவது நிரந்தர எழுத்துப் பிழையும், குறைவாகவே வந்தது. அதாவது முதல் சிறிய டோஸைப் பார்த்து ஏதோ ஒரு தயாரிப்பு நடந்திருக்கிறது. பின்னால் தெரிந்தது, அந்தத் தயாரிப்பின் மையம் ஏடா என்ற புரதம்.

ஏடா செய்யும் வேலை விசித்திரமானது. குவானினின் ஆறாம் இடத்து ஆக்சிஜனில் ஒட்டியிருக்கும் மெத்திலைப் பிடுங்கித் தன்னிடம் உள்ள சிஸ்டீன் என்ற ஓர் அமினோ அமிலத்தில் மாட்டிக்கொள்கிறது. மாட்டியதை மறுபடி கழற்ற முடியாது. ஒரு சேதத்தைச் சரிசெய்ய ஒரு முழுப் புரதம் செலவு, இவ்வளவு ஊதாரித்தனமான ரிப்பேரை ஏன் வைத்திருக்கிறது என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அந்த மெத்தில் அங்கேயே இருந்தால் குவானின் தவறுதலாக தைமினோடு ஜோடி சேர்ந்துவிடும், அடுத்த நகலில் ஜி இருந்த இடத்தில் தைமினின் ஜோடியான ஏ வந்து உட்கார்ந்துவிடும், அதனால் இந்தச் செலவு தகும். இதே ஏடா டி.என்.ஏ-வின் பாஸ்பேட் முதுகில் ஒட்டும் மெத்திலையும் வேறொரு சிஸ்டீனில் வாங்கிக்கொள்கிறது. அப்படி வாங்கியதும் அதன் குணம் மாறுகிறது: தன் மரபணுவையும் ஏல்க்-ஏ, ஏல்க்-பி, எய்ட்-பி மரபணுக்களையும் வேகமாக இயக்க ஆரம்பிக்கிறது. சேதத்தை அளக்கத் தனிக் கருவி எதுவும் கிடையாது, சேதத்தைத் தொட்ட புரதமே எச்சரிக்கை மணியாகிவிடுகிறது. ஏல்க்-பி என்ன செய்கிறது என்பது 2002-இல்தான் விளங்கியது. இரும்பையும் ஆக்சிஜனையும் வைத்து மெத்திலை ஆக்சிஜனேற்றம் செய்து ஃபார்மால்டிஹைடாகக் கழற்றி விடுகிறது. இந்த வேலைகளில் பங்குகொண்ட தோமஸ் லிண்டால் 2015-இல் டி.என்.ஏ பழுதுபார்ப்புக்காக நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

பெரிய கூட்டம் ஏறியிருந்தால் ஏடாவால் ஒன்றும் ஆகாது. அங்கே யுவிஆர்-ஏ, பி, சி என்ற மூன்று புரதங்கள் வருகின்றன. இழை வளைந்து நெளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, சேதத்துக்கு இரண்டு பக்கமும் வெட்டி, பன்னிரண்டு பதின்மூன்று எழுத்து நீளத்துக்கு அந்தத் துண்டையே தூக்கிவிட்டு, எதிர் இழையைப் பார்த்து மறுபடி நிரப்புவார்கள். இது சுத்தமான வேலை, பிழை கிட்டத்தட்ட இல்லை.

சரி, இவ்வளவு சுத்தமான ஏற்பாடு இருந்தால் மியூட்டேஷன் எங்கிருந்து வருகிறது?

சேதம் அதிகமாகி, நகல் எடுக்கும் பொறி அதன்மேல் போய் முட்டிக்கொள்ளும்போது வருகிறது. ஈ.கோலையின் முதன்மை நகல் என்சைம், டி.என்.ஏ பாலிமரேஸ் மூன்று, நொடிக்குச் சுமார் ஆயிரம் எழுத்து ஓடும், ஆனால் அடையாளம் தெரியாத எழுத்தைக் கண்டால் நின்றுவிடும். அது நின்றுவிட்டாலும் முன்னால் இழையைப் பிரிக்கும் வேலை தொடர்கிறது, அதனால் ஒற்றை இழை வெளியே நீண்டு கிடக்கிறது. அதன்மேல் ரெக்-ஏ புரதம் வரிசையாக ஏறிச் சுற்றிக்கொள்கிறது. இதுதான் அபாய அறிகுறி. சாதாரண நாளில் லெக்ஸ்-ஏ என்ற புரதம் நாற்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்களை வாய் திறக்கவிடாமல் அமுக்கி வைத்திருக்கும். ரெக்-ஏ சுற்றிய இழையைத் தொட்டதும் லெக்ஸ்-ஏ தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. அமுக்கி வைத்திருந்தவை எல்லாம் எழும்புகின்றன. மிரோஸ்லாவ் ராட்மன் 1970-களில் இதற்கு எஸ்.ஓ.எஸ் என்று பெயர் வைத்தார்.

இந்தக் கதையின் முதல் துப்பு ஜான் வைகிளுடையது. 1953-இல் அவர் பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸைப் புற ஊதா ஒளியில் அடிபடச் செய்து, அதே ஒளியில் லேசாக அடிபட்ட பாக்டீரியாவுக்குள் விட்டால் வைரஸ் நன்றாகப் பிழைக்கிறது, கூடவே மியூட்டேஷனும் அதிகமாகிறது என்று கவனித்தார். அடிபட்ட பாக்டீரியாவுக்குள் ஏதோ புதிதாக விழித்திருக்கிறது. ஈவ்லின் விட்கின் இன்னொரு பக்கமிருந்து வந்தார்: அடிபட்ட ஈ.கோலை பிரியாமல் நூல் போல நீள்வதும், உள்ளே தூங்கும் வைரஸ் விழிப்பதும் ஒரே சுவிட்சின் கீழ் இருக்க வேண்டும் என்று யோசித்தார். ராட்மன் அதில் மியூட்டேஷனையும் சேர்த்தார். விட்கின் 2023-இல் 102 வயதில் காலமானார். கையில் மரபணு வரிசை எதுவும் இல்லாத காலத்தில், தட்டில் முளைக்கும் புள்ளிகளை எண்ணியே இவ்வளவையும் யூகித்த மனுஷி. என் வகுப்பில் வாட்சன், கிரிக் பெயர் எல்லோருக்கும் தெரியும், விட்கினை ஒருவருக்கும் தெரியாது, எனக்கு இதில் வருத்தம் உண்டு.

எஸ்.ஓ.எஸ்-இலும் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்புவதில்லை, இதுதான் ரசிக்க வேண்டிய இடம். லெக்ஸ்-ஏ சில மரபணுக்களை லேசாகப் பிடித்திருக்கும், சிலவற்றை இறுக்கமாக. லேசாகப் பிடித்தவை முதலில் விடுபடும், அந்தக் கூட்டத்தில் இருப்பவை யுவிஆர் போன்ற சுத்தமான ரிப்பேர்க்காரர்கள். அவர்களால் சமாளிக்க முடிந்தால் கதை அங்கேயே முடிகிறது, ஒற்றை இழை நிரம்பிவிடும், ரெக்-ஏ கலையும், லெக்ஸ்-ஏ திரும்பக் குவியும். சேதம் தொடர்ந்தால் சுல்-ஏ என்ற புரதம் வருகிறது, அது எஃப்.டி.எஸ்-இசட் என்ற பிரிவு வளையத்தைத் தடுத்து, உடைந்த டி.என்.ஏ-வோடு செல் இரண்டாகிவிடாமல் நிறுத்தி வைக்கும். விட்கின் பார்த்த நூல்கள் இவைதான். கடைசியாக, சுமார் அரை மணி நேரம் கழித்து, யு.எம்.யு-டி, யு.எம்.யு-சி என்ற மரபணுக்கள் எழும்புகின்றன. எழும்பியதும் வேலை தொடங்குவதில்லை, யு.எம்.யு-டி புரதமும் ரெக்-ஏ-வைத் தொட்டுத் தன் வாலை வெட்டிக்கொள்ள வேண்டும், அது மெதுவாக நடக்கும். அப்புறம்தான் பாலிமரேஸ் ஐந்து என்ற இன்னொரு நகல் என்சைம் உருவாகிறது.

பாலிமரேஸ் ஐந்தைப் பற்றி வகுப்பில் சொல்ல எனக்கு ஒரே ஓர் உதாரணம்தான் வாயில் வரும். ரப்பர் பால் மரத் தோட்டத்தில் ஆள் வராத நாளில் மண்டோர் (கங்காணி) யாரையாவது ரிலீஃபுக்குக் கூட்டி வருவார், அந்த ஆள் நிரையை முடித்துப் பாலையும் கொண்டுவந்து விடுவார், ஆனால் பட்டையைக் கண்டபடி காயப்படுத்தியிருப்பார். பாலிமரேஸ் ஐந்தும் அப்படித்தான், சேதமான எழுத்துக்கு எதிரே ஏதோ ஒன்றை, பல நேரம் ஏ-யை, போட்டுவிட்டுத் தாண்டிப் போகும். சேதமில்லாத இடத்திலேயே ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தப்பு செய்யும், போட்டதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தும் பழக்கமும் கிடையாது. நகல் வேலை ஓடும், உயிர் மிஞ்சும், எழுத்து கெடும்.

இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கும் பிள்ளை எனக்குப் பிடித்த பிள்ளை. 1970-களில் யு.எம்.யு மரபணு கெட்டுப்போன ஈ.கோலை ரகங்களைப் பிரித்தெடுத்தார்கள். புற ஊதா ஒளியை எவ்வளவு காட்டினாலும் அவற்றில் மியூட்டேஷன் கூடவில்லை. சேதம் அப்படியேதான் விழுகிறது, டி.என்.ஏ-வில் புண் அதே அளவு, பிழைதான் இல்லை. 4-நைட்ரோகுயினோலின் ஆக்சைடு போல நகலைத் தடுக்கும் பல ரசாயனங்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதை. அதனால்தான் தொடக்கத்தில் சொன்னேன், பிழையை எழுதுவது பாக்டீரியா என்று.

எல்லா ரசாயனத்துக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எம்.என்.என்.ஜி, இ.எம்.எஸ் ஆகியவை யு.எம்.யு இல்லாத ரகத்திலும் தாராளமாக மியூட்டேஷன் உண்டாக்கும், ஏனென்றால் அந்த மெத்தில், எத்தில் ஒட்டிய குவானின் நகல் பொறியை நிறுத்துவதில்லை, ஏமாற்றுகிறது. அங்கே நோட்டு வரி ஓரளவுக்குச் சரிதான். ஆனாலும் ஏமாற்றப்பட்ட நகலை எடுத்ததும் பாக்டீரியாவின் பாலிமரேஸ்தானே, நான் விடுவதாக இல்லை.

புரூஸ் ஏம்ஸ் 1970-களில் கொண்டுவந்த சோதனையைப் பாருங்கள், இந்த அறிவு முழுக்க அதற்குள் இருக்கிறது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்க முடியாத சால்மோனெல்லா பாக்டீரியாவை ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் பரப்பி, சந்தேகப் பொருளைக் கலந்து, 37 டிகிரியில் இரண்டு நாள் வைப்பார்கள். மியூட்டேஷன் நடந்து ஹிஸ்டிடின் மரபணு திரும்பச் சரியானவை மட்டும் புள்ளியாக முளைக்கும். இவ்வளவு எல்லா நோட்டிலும் இருக்கும். நோட்டில் இல்லாதது, ஏம்ஸ் அந்தப் பாக்டீரியாவை எப்படித் தயார்படுத்தினார் என்பது. யுவிஆர்-பி மரபணுவை நீக்கினார், சுத்தமான ரிப்பேர் போயிற்று. வெளிச்சுவரைப் பலவீனமாக்கினார், பெரிய மூலக்கூறும் உள்ளே நுழையும். இந்தச் சால்மோனெல்லாவின் சொந்த யு.எம்.யு மந்தமானது, அதனால் பி.கே.எம் 101 என்ற பிளாஸ்மிடை (சிறு வளைய டி.என்.ஏ) சேர்த்தார், அதில் மக்-ஏ, மக்-பி என்று சுறுசுறுப்பான உறவுக்கார மரபணுக்கள் இருக்கின்றன. டி.ஏ. 98, டி.ஏ. 100 என்று இன்றும் புழங்கும் ரகங்கள் இவை. தட்டில் ஒரு துளி ஹிஸ்டிடினும் விடுவார்கள், சில தடவையாவது செல் பிரிந்து நகல் எடுத்தால்தான் சேதம் பிழையாகும் என்பதற்காக. தப்பு செய்யும் திறமையைக் கூட்டிவிட்டுத்தான் அந்தப் பாக்டீரியாவைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறார்கள்.

எலியின் ஈரல் சாற்றையும் கலப்பார்கள், அதற்கும் காரணம் உண்டு. அஃப்ளாடாக்சின் தானாக டி.என்.ஏ-வில் ஒட்டாது. ஈரல் என்சைம் அதை எபாக்சைடாக மாற்றிய பிறகுதான் குவானினில் போய் உட்காரும், பாக்டீரியாவிடம் அந்த என்சைம் இல்லை. 1988-இல் நம்ம பேரா மாநிலத்திலேயே லோ ஷீ ஃபன் மீ என்ற நூடுல்ஸ் சாப்பிட்டுக் குழந்தைகள் இறந்தது இங்கே பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அப்போதும் அஃப்ளாடாக்சின் பெயர்தான் அடிபட்டது. அது ஈரல் உடனே செயலிழந்த விஷச் சாவு. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் உள்ளே போய் மரபெழுத்தைக் கெடுப்பது வேறு. இரண்டையும் குழப்பும் வாட்சாப் செய்திகள் இன்னமும் வந்துகொண்டிருக்கின்றன.

இந்தப் பாடம் எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "டீச்சர், எங்க பாட்டி தோட்டத்துல மருந்து அடிச்சவங்க, அந்த மருந்தும் இப்படித்தான் பண்ணுமா?" இங்கே பாதிப் பிள்ளைகளின் வீட்டில் முதுகில் பம்பு சுமந்து செம்பனைக்கு அடியில் களைக்கு மருந்து அடித்த ஒரு பாட்டியோ அம்மாவோ இருப்பார். அவர்கள் அடித்ததில் பெரும் பங்கு பாராகுவாட். 2020 ஜனவரி முதல் மலேசியாவில் அதற்குத் தடை.

பாராகுவாட் வேலை செய்யும் விதமே வேறு. அது டி.என்.ஏ-வில் ஒட்டிக்கொள்வதில்லை. செல்லின் எலக்ட்ரானைத் திருடி ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு மறுபடி திருட வரும், இப்படியே சுற்றிச் சுற்றி சூப்பராக்சைடை உற்பத்தி செய்யும். அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு, அது இரும்போடு சேர்ந்தால் ஹைட்ராக்சில், அதுதான் டி.என்.ஏ-வை அறுக்கும். ஈ.கோலைக்கு இதற்கென்றே தனி ஏற்பாடு உண்டு, 1990 வாக்கில் கண்டுபிடித்தார்கள், கண்டுபிடிக்க உதவிய முக்கியமான பொருளே பாராகுவாட்தான். சாக்ஸ்-ஆர் புரதத்தில் இரும்பும் கந்தகமும் கொண்ட சிறு கொத்து ஒன்று இருக்கிறது. அது ஆக்சிஜனேற்றம் ஆனதும் சாக்ஸ்-எஸ் புரதத்தை உருவாக்கச் செய்கிறது, சாக்ஸ்-எஸ் போய்ப் பலவற்றை இயக்குகிறது: சூப்பராக்சைடை அழிக்கும் என்சைம், அறுந்த டி.என்.ஏ முனையைச் சீவிச் சரிசெய்யும் எண்டோநியூக்ளியேஸ் நான்கு, கூடவே உள்ளே வந்ததை வெளியே தள்ளும் பம்புகள். அந்தப் பம்புகள் சில ஆன்டிபயாட்டிக்குகளையும் சேர்த்தே வெளியே தள்ளிவிடும். களைக்கொல்லியைச் சமாளிக்க எழுந்த பாக்டீரியா மாத்திரைக்கும் கொஞ்சம் அசையாமல் நிற்கிறது.

ஆனால் பாட்டியைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்கு நான் இதோடு நிறுத்த மாட்டேன். ஈ.கோலையில் பார்த்ததை வைத்துப் பாட்டியின் உடம்பில் என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. மனிதருக்குப் பாராகுவாட்டின் பெரிய ஆபத்து நுரையீரல். அங்குள்ள செல்கள் பாலிஅமீன் என்ற தேவையான பொருளை உள்ளே இழுக்கும் வாசலிலேயே இதையும் இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. பாக்டீரியாவுக்கு நுரையீரல் கிடையாது. ஏம்ஸ் தட்டில் ஒரு பொருள் தப்பித்துவிட்டால் அது மனிதருக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்பேன்.

மாத்திரை என்றதும் இன்னொன்று. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக், டி.என்.ஏ முறுக்கைச் சரிசெய்யும் பாக்டீரியாவின் கைரேஸ் என்சைமைப் பிடித்து டி.என்.ஏ-வின் இரு இழைகளையும் உடைக்கிறது. உடைந்த முனை ரெக்-ஏ-வை அழைக்கும், லெக்ஸ்-ஏ வெட்டுப்படும், தப்பு செய்யும் பாலிமரேஸ்கள் எழும்பும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், தன்னை வெட்டிக்கொள்ள முடியாத லெக்ஸ்-ஏ வைத்த ஈ.கோலையை எலிகளில் தொற்றச் செய்து இந்த மருந்தைக் கொடுத்தார்கள், அந்தப் பாக்டீரியாவில் மருந்தை எதிர்க்கும் சக்தி உருவாகவே இல்லை. அதைப் படித்த நாளிலிருந்து 'மருந்து பாக்டீரியாவைத் தேர்ந்தெடுக்கிறது' என்று மட்டும் சொல்லி நான் நிறுத்துவதில்லை. சில மருந்துகள் தேர்வுத்தாளையும் கொடுத்து விடையையும் எழுதத் தூண்டுகின்றன.

இதைக் கேட்டதும் பிள்ளைகள் உடனே அடுத்த முனைக்குப் போய்விடுவார்கள், அப்படியானால் பாக்டீரியா வேண்டுமென்றே மாறுகிறதா என்று. ஆய்வாளர்களிலும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்பவர்கள் உண்டு, நெருக்கடியில் மாற்றத்தைக் கூட்டிக்கொள்வது பிழைப்புக்கு நல்லது, பரிணாமம் அதைப் பேணி வைத்திருக்கிறது என்பார்கள். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. வேண்டுமென்றே மாறத்தான் இந்த ஏற்பாடு என்றால் பாலிமரேஸ் ஐந்தை இவ்வளவு தாமதமாக, இத்தனை பூட்டுப் போட்டு ஏன் எழுப்ப வேண்டும்? முதலில் சுத்தமான ரிப்பேர், அப்புறம் பிரிவதை நிறுத்துதல், கடைசியில்தான் இது. எழுப்பிய பிறகும் யு.எம்.யு புரதங்களை லான், கிளிப்-எக்ஸ்-பி என்ற என்சைம்கள் சீக்கிரமே சிதைத்துவிடுகின்றன, சுல்-ஏ-வையும் லான் தின்றுவிடும். லெக்ஸ்-ஏ தன் மரபணுவையும் தானே அமுக்குவதால், எஸ்.ஓ.எஸ் எழும்பும்போது லெக்ஸ்-ஏ உற்பத்தியும் கூடவே எழும்பி, ரெக்-ஏ கலைந்த உடனே எல்லாவற்றையும் மூடத் தயாராக நிற்கும். பாலிமரேஸ் நான்கு என்று இன்னொன்றும் இந்தக் கூட்டத்தில் உண்டு, குவானினின் சில வகைச் சேதத்துக்கு எதிரே அது குவானினின் சரியான ஜோடியான சி-யைத்தான் போடுகிறது. தாண்டிப் போவதுதான் நோக்கம், பிழை அதற்குக் கொடுக்கும் விலை என்று நான் வாசிக்கிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் கீழே எழுதுங்கள். இந்த வருடம் ஆறாம் படிவ முடிவுப் பரீட்சையான எஸ்.டி.பி.எம் எழுதும் பிள்ளைகள் மட்டும் பரீட்சையில் முதல் பத்தியில் உள்ள நோட்டு வரியையே எழுதிவிட்டு வாருங்கள், மார்க் போடுபவரோடு சண்டை போட அந்தப் பரீட்சை நேரம் போதாது.